மண்ணுக்குள் மறந்துபோன தொட்டி



சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "சுத்தமான தண்ணீருக்கு நிறம் உண்டா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா!" என்று வகுப்பே ஒரே குரலில் பதில் சொன்னது. கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமி மட்டும் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினாள்.

"ஐயா, எங்க பாட்டி வீட்டுக் கிணத்துத் தண்ணியில வானவில் கலரு இருக்கு."

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சனிக்கிழமை மாலையே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளுடைய பாட்டி வீட்டுக்குப் போனேன்.

பழைய லயம். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. லயத்தின் பின்புறம் கிணறு. கிணற்றுக்கு மேற்கே மேடான இடத்தில், காட்டுச் செடிகள் மூடிய ஒரு சிமெண்டுத் தரை. ஒரு காலத்தில் தோட்டத்து ஸ்டோரும் லாரிக் கொட்டகையும் அங்கேதான் இருந்தனவாம். வாளி விட்டுத் தண்ணீர் இறைத்துப் பார்த்தேன். சிறுமி சொன்னது பொய்யில்லை. தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு போல ஒன்று மிதந்தது. வெயில் பட்டதும் ஊதாவும் பச்சையுமாக மின்னியது.

வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. தண்ணீரில் மின்னுவதெல்லாம் எண்ணெய் அல்ல. நம் நாட்டுச் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம். அந்த இரும்பை உண்டு வாழும் ஒரு வகை நுண்ணுயிர்களும் இப்படிப்பட்ட ஏட்டை உண்டாக்கும். எது எண்ணெய், எது இரும்பு என்று கண்டறிய எளிய வழி உண்டு. ஒரு குச்சியால் அந்த ஏட்டைக் கலைத்துப் பாருங்கள். இரும்பு ஏடாக இருந்தால் கண்ணாடிச் சில்லுகள் போல உடைந்து தனித்தனியாக நிற்கும். எண்ணெயாக இருந்தால் சுழன்று, மறுபடியும் ஒன்றாகக் கூடிக்கொள்ளும்.

நானும் குச்சியால் கலைத்தேன். அது மறுபடியும் கூடிக்கொண்டது. வாளியை முகத்தருகே கொண்டுபோனபோது மண்ணெண்ணெய் போன்ற ஒரு வாடையும் லேசாக வந்தது.

"அம்மா, இந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"குழாய்த் தண்ணி வந்தப்புறம் யாரு வாத்தியாரே இதைக் குடிக்கிறாங்க? துணி துவைக்கிறதுக்கு, செடிக்கு ஊத்துறதுக்குத்தான். குழாய் நின்னுபோனா மட்டும் இதுல சோறாக்குவோம். அதுவும் சும்மா இல்ல, நல்லாக் கொதிக்க வெச்சித்தான். கொதிச்சா எல்லாம் செத்துப்போயிடுமே!"

தாய்மார்களே, இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மாதக் கட்டுரையையே எழுதுகிறேன். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நாங்கள்தான் பள்ளியில் சொல்லிக் கொடுத்தோம். கிருமிகளுக்கு அது சரியான பாடம். ஆனால் பெட்ரோலும் டீசலும் கிருமிகள் அல்லவே! அவற்றுக்கு உயிரில்லை, ஆகவே சாவும் இல்லை. கொதிக்க வைத்தால் ஒரு பகுதி ஆவியாகி அடுப்பங்கரைக் காற்றில் கலக்கும்; அதைச் சமைப்பவரே சுவாசிப்பார். மீதி தண்ணீரிலேயே தங்கிவிடலாம். எண்ணெய் கலந்த தண்ணீருக்குக் கொதிக்க வைப்பது மருந்தாகாது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு, அடுத்த வீட்டுப் பெரியவர் எழுந்து வந்தார். எழுபதைத் தாண்டியவர். அந்தத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். சிமெண்டுத் தரையைக் கைகாட்டிச் சொன்னார்:

"அதோ, அந்த மூலையில புதைச்ச தொட்டி ரெண்டு இருந்திச்சி. ஒண்ணு டீசல், ஒண்ணு பெட்ரோல். மேலே கையால சுத்துற பம்பு. ஸ்டோரை ரோட்டுப் பக்கம் மாத்தினப்போ பம்பைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போனாங்க. தொட்டியைத் தோண்டி எடுத்ததை மட்டும் நான் பார்க்கல."

மறுநாள் தோட்ட அலுவலகத்தில் விசாரித்தேன். தங்களிடமுள்ள வரைபடத்தில் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். அவர்கள் மறைக்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். தோட்டம் இரண்டு முறை கைமாறிவிட்டது. காகிதம் காணாமல் போயிற்று. தொட்டி மண்ணுக்குள் கிடக்கிறது. அது இருந்த இடம் ஒரு முதியவரின் நினைவில் மட்டுமே இருக்கிறது.

மண்ணுக்குள் கிடக்கும் தொட்டியால் என்ன கெடுதல் என்று நீங்கள் கேட்கலாம்.

பழைய தொட்டிகள் பெரும்பாலும் வெறும் இரும்பினால் செய்யப்பட்டவை. ஈர மண்ணில் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. தொட்டி ஓட்டையாகும், அல்லது தொட்டியையும் பம்பையும் இணைக்கும் குழாயின் பொருத்து கசியும். தரைக்கு மேலே உள்ள பீப்பாய் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். புதைத்த தொட்டி ஒழுகினால் யாருக்குத் தெரியும்?

சின்னக் கசிவுதானே என்று எண்ணிவிடக் கூடாது. நம் பிள்ளைகள் போடும் கணக்கையே போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு ஒரு சொட்டு. ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல். ஓர் ஆண்டுக்கு 1,500 லிட்டருக்கு மேல். அதாவது, 200 லிட்டர் பிடிக்கும் பீப்பாய்களில் ஏறக்குறைய எட்டு!

இவ்வளவும் எங்கே போகிறது? மண்ணுக்குள் இறங்கி இறங்கி, நிலத்தடி நீரின் மட்டத்தைத் தொடுகிறது. எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே கறிக்குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பதைப்போல அங்கேயும் மேலே மிதக்கிறது. ஆனால் எல்லாமே மிதப்பதில்லை. பெட்ரோலில் உள்ள பென்சீன், தொலுயீன் போன்ற சில பொருள்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைகின்றன. கரைந்தது கண்ணுக்குத் தெரியாது. நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஊர்கிறதோ அந்தப் பக்கம் அதுவும் போகும். வழியில் கிணறு இருந்தால் கிணற்றில் சேரும்.

பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பது உறுதி செய்யப்பட்ட உண்மை. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டி அளவு. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் நூற்றில் ஒரு பங்கு பென்சீன் இருப்பதாகக் கொண்டால், அது முழுவதும் கரையும்போது எட்டு லட்சம் லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. பென்சீனின் வாடை மூக்குக்கு எட்ட வேண்டுமானால், இந்த வழிகாட்டி அளவைப்போல நூறு மடங்குக்கு மேல் தண்ணீரில் இருக்க வேண்டும். ஆகவே வாடை வந்தால் குடிக்கக் கூடாது. வாடை வரவில்லை என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. அதற்காக, என்றோ ஒரு குவளை குடித்துவிட்டோமே என்று யாரும் கலங்க வேண்டாம். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து உடலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. அந்தத் தொடர்ச்சியைத்தான் அறுக்க வேண்டும்.

2019 ஜூலையில் சிலாங்கூர் ஆற்றில் டீசல் கலந்து, நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூட நேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வற்றியது. ஆனாலும் ஆறு ஓடுகிற தண்ணீர். சில நாள்களில் நிலைமை சீரானது. நிலத்தடி நீர் அப்படி ஓடுவதில்லை. மண் துகள்களுக்கு இடையே ஊர்ந்து செல்கிறது. அது கெட்டுப்போனால் திருந்துவதற்கு நாள் கணக்குப் போதாது, ஆண்டுக் கணக்கு வேண்டும்.

இதற்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். கலிபோர்னியா மாநிலத்தில் சாந்தா மோனிக்கா என்றொரு கடற்கரை நகரம். வசதியான ஊர். அதன் குடிநீரில் பாதிக்கு மேல் சொந்தக் கிணறுகளிலிருந்து கிடைத்து வந்தது. 1995-இல் நீர்ப் பரிசோதனையின்போது, பெட்ரோலில் கலக்கப்படும் எம்.டி.பி.இ. என்ற இரசாயனம் கிணற்று நீரில் இருப்பது தெரிந்தது. இது தண்ணீரில் மிக எளிதாகக் கரைந்து, தண்ணீரோடு தண்ணீராக வெகு தூரம் போகக்கூடியது. 1996-இல் முக்கியமான கிணறுகளை மூடினார்கள். நகரத்துக்கு வேண்டிய தண்ணீரில் ஏறக்குறைய பாதி இல்லாமல் போயிற்று. வெளியிலிருந்து விலைக்கு வாங்கிக் குடிக்க வேண்டிய நிலை.

யார் தொட்டி கசிந்தது? பெரிய கிணற்று வயலைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள் மட்டும் பெட்ரோல் நிலையங்களும் எண்ணெய்க் குழாய்களுமாகச் சந்தேகத்துக்குரிய இடங்கள் ஏறக்குறைய 30. ஒவ்வொன்றையும் ஆராய வேண்டியிருந்தது. வழக்கு, பேச்சுவார்த்தை, இழப்பீடு, புதிய சுத்திகரிப்பு நிலையம் என்று காலம் ஓடியது. அந்தக் கிணறுகளின் தண்ணீர் மீண்டும் மக்களுக்குக் கிடைத்தது 2010-இல்தான். 1996-இல் பிறந்த குழந்தை அப்போது இடைநிலைப் பள்ளி மாணவன்!

அமெரிக்காவில் இப்படிக் கசிந்த இடங்கள் ஒன்றிரண்டல்ல. 1984-இல் புதைத்த தொட்டிகளுக்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட கசிவுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். தேடத் தொடங்கிய பிறகே அவை தெரியவந்தன என்பதைக் கவனியுங்கள்.

எப்படித் தேடுகிறார்கள்? முதல் வேலை மண்ணைத் தோண்டுவதில்லை, காகிதத்தைத் தோண்டுவது. பழைய வரைபடம், எண்ணெய் வாங்கிய கணக்கு, அளவுகோல் விட்டு ஸ்டோர்க் கிராணி தினமும் எழுதிய குறிப்பு ஆகியவற்றை எடுத்துப் பார்ப்பார்கள். வந்த எண்ணெய்க்கும் செலவான எண்ணெய்க்கும் கணக்கு ஒத்துப்போகாமல் தொடர்ந்து துண்டு விழுந்தால், அது கசிவின் முதல் அறிகுறி. கூடவே, அந்த இடத்தில் வேலை செய்தவர்களைத் தேடிப் பிடித்து விசாரிப்பார்கள்.

அதன் பிறகுதான் துளையிடுவது. தொட்டியைச் சுற்றிப் பல இடங்களில் துளையிட்டு, ஆழம் ஆழமாக மண் எடுப்பார்கள். எண்ணெய் ஆவியை மோப்பம் பிடிக்கும் கருவியால் அதைச் சோதிப்பார்கள். ஆவி பறந்துவிடாதபடி மண்ணைப் புட்டியில் அடைத்து, பனிக்கட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள்.

சில துளைகளில் நுண்ணிய வெட்டுகள் உள்ள குழாயை இறக்கி, கண்காணிப்புக் கிணறாக்குவார்கள். இதற்கு மூன்று கிணறாவது வேண்டும். ஏன் மூன்று? தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்பதை ஒரே கிணற்றால் சொல்ல முடியாது. முக்கோணமாக மூன்று கிணறு போட்டு, ஒவ்வொன்றிலும் நீர்மட்டத்தை அளந்தால் உயரமான பக்கமும் தாழ்ந்த பக்கமும் தெரிந்துவிடும். அந்தச் சரிவின் வழியே போய், மாசு எதுவரை பரவியிருக்கிறது, வழியில் யாருடைய கிணறு இருக்கிறது என்று வரைபடம் போடுவார்கள். பிறகு கெட்ட மண்ணை அகற்றுவதா, ஆவியை உறிஞ்சி எடுப்பதா, நீரை இறைத்துச் சுத்தம் செய்வதா என்று முடிவெடுப்பார்கள். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் எண்ணெயைத் தின்று உதவி செய்யும். ஆனால் அவை நம் அவசரத்துக்கு வேலை செய்வதில்லை.

நம் நாட்டிலும் இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் மண்ணையும் நீரையும் மாசுபடுத்துவதைத் தடை செய்கிறது. மாசுபட்ட நிலங்களை ஆராய்வதற்கும் சீர்படுத்துவதற்கும் சுற்றுச்சூழல் துறை 2009-இல் மூன்று வழிகாட்டி நூல்களை வெளியிட்டிருக்கிறது. தோட்ட வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்களுக்கு முதலாளி இலவசமாகக் குழாய்த் தண்ணீர் தரவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது, அதைத் தட்டி எழுப்ப ஒரு கை வேண்டும்.

அந்த வேலையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஆய்வாளர் எத்தனை கருவிகளோடு வந்தாலும் முதலில் கேட்கப்போகும் கேள்வி, "இங்கே முன்பு என்ன இருந்தது?" என்பதுதான். அதற்குப் பதில் யாரிடம் இருக்கிறது? லாரி ஓட்டியவரிடம், ஸ்டோரில் எண்ணெய் அளந்து கொடுத்தவரிடம், லாரிக் கொட்டகையில் வேலை செய்தவரிடம், அந்தப் பக்கமாகப் பால்வெட்டுக்குப் போய்வந்த நம் அம்மாக்களிடம் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்படுகின்றன. பால்மரம் நின்ற இடம் செம்பனையாகி, செம்பனை நின்ற இடம் இன்று வீடமைப்புப் பகுதியாகிறது. மக்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கண்மூடும்போது, மண்ணுக்குள் இருப்பதைப் பற்றிய செய்தியும் அவர்களோடு போய்விடுகிறது. நாளை அந்த இடத்தில் வீடு வாங்கிக் கிணறு தோண்டப்போவது நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.

ஆகவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள் சில.

கிணற்று நீரில் எண்ணெய் வாடையோ, குச்சியால் கலைத்தும் கூடிக்கொள்ளும் ஏடோ தெரிந்தால், குடிப்பது, சமைப்பது, குளிப்பது மூன்றையும் உடனே நிறுத்துங்கள். கிணற்றருகே தீக்குச்சி கிழிக்காதீர்கள், சிகரெட் பிடிக்காதீர்கள். சுற்றுச்சூழல் துறைக்கும் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். என்றைக்கு முதலில் வாடை வந்தது, மழைக்குப் பிறகு கூடுகிறதா, பக்கத்தில் எண்ணெய் நிலையமோ பழைய ஸ்டோரோ இருக்கிறதா என்பதையெல்லாம் எழுதுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நான் போயிருந்த தோட்டத்தில் இரண்டு பேர் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்கள், "தோண்டிப் பார்த்துடலாம் சார்!" என்று. நான் தடுத்தேன். எண்ணெய் தீர்ந்த தொட்டி நிறைந்த தொட்டியைவிடப் பொல்லாதது. உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். உள்ளே இறங்கினால் மூச்சு முட்டும். பழைய இரும்புக்கு ஆசைப்பட்டு அப்படிப்பட்ட தொட்டியை அறுக்கப் போவது உயிரோடு விளையாடுவது.

இனி அந்தக் கிணற்றின் கதைக்கு வருகிறேன். லாரிப் பெரியவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, பயிற்சிப் புத்தகத்தின் தாளொன்றைக் கொடுத்தோம். கை நடுங்க நடுங்க ஸ்டோர், கொட்டகை, பம்பு, இரண்டு தொட்டிகள் எல்லாவற்றையும் வரைந்து காட்டினார். சிறுமி சிமெண்டுத் தரையின் மூலையிலிருந்து கிணறுவரை நடந்து எண்ணி, "நாற்பத்தெட்டு அடி வெச்சேன் ஐயா" என்றாள். அதையும் எழுதிக்கொண்டோம். பெரியவர் கீழே கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளின் நகலோடு கடிதம் அனுப்பியிருக்கிறோம். தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு நகல் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். ஆய்வு நடந்து முடிவு வந்ததும் இதே பகுதியில் எழுதுவேன்.

பாட்டி கிணற்றைப் பலகை போட்டு மூடிவிட்டார். குழாய்த் தண்ணீர் வரும்போதே இரண்டு தோம்புகளில் பிடித்து மூடிவைக்கிறார். "அறுபது வருஷமா எங்களுக்குத் தண்ணி கொடுத்த கெணறு வாத்தியாரே, அதை மூடுறதுக்கு மனசு வரல" என்றார். எனக்கும் என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை. கிணற்றின் மேல் குற்றம் இல்லை, அம்மா என்று மட்டும் சொன்னேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நம் தோட்டத்தில் எண்ணெய்த் தொட்டி எங்கே இருந்தது? அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். தொட்டி கசியாமல் இருந்தால் மகிழ்ச்சி. கசிந்திருந்தால், தேடி வருகிறவர்களுக்கு அந்தத் தாள் வழிகாட்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.